சென்னம்மாள் விட்ட வழி

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

அறுபத்தொரு கிலோமீட்டர். தொடை இரண்டும் கல்லாகக் கிடக்கின்றன. நாளைக்கு ஒன்பதாம் வகுப்புக்கு ஒளிவிலகல் நடத்த வேண்டும், நின்றுகொண்டே.

விடிகிற நேரத்தில் அரூரிலிருந்து கிளம்பினோம், நானும் சுசித்ராவும். ஏரிக்கரை மண்பாதை, காட்டோரக் கிராவல் ரோடு, தீர்த்தமலை அடிவாரம், அங்கிருந்து தென்பெண்ணைக் கரை. திரும்பும்போது சென்னம்மாள் நிலம் வழியாக. நாற்பத்திரண்டு வயதில் துப்பட்டாவுக்கு மேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மண்ணிலும் கல்லிலும் சைக்கிள் ஓட்டுகிற டீச்சரை ஊர் முதல் வருஷம் நின்று பார்த்தது. இப்போது பார்ப்பதில்லை. சுசித்ரா கூட வந்ததால்தான் அந்த முதல் வருஷத்தைத் தாண்டினேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, என்னைவிட எட்டு வயது சின்னவள், யார் என்ன சொன்னாலும் திரும்பிப் பதில் சொல்லிவிடுவாள்.

வழி முழுக்க அவள் இங்கிலாந்துக் கதைதான். அந்த ஊர்க்காரர்கள் கிராவல் சைக்கிளில் போகிற வீடியோக்களை விடாமல் பார்க்கிறாள். அங்கே வயலுக்கு நடுவே, ஆடு மேய்கிற புல்வெளிக்கு நடுவே எல்லாம் பொதுப்பாதை உண்டாம். வரைபடத்திலேயே கோடு போட்டிருக்குமாம். கேட்டைத் திறந்தவர் மூடிவிட்டுப் போனால் போதுமாம். "நம்ம பக்கம் அப்படி யாரு வரைஞ்சாங்க மெஹ்ஜூ? நீ ஒருத்திதான்" என்றாள். சந்தோஷமாக இருந்தது. எதற்கு மறைக்க?

சென்னம்மாள் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கையை உயர்த்தினார். நாங்களும் உயர்த்தினோம். அவருடைய மரவள்ளிக் குச்சிக்கிழங்குக்கும் மஞ்சளுக்கும் இடையே வரப்பை ஒட்டி முக்கால் கிலோமீட்டர் தடம். அதில் போனால் லாரி பறக்கிற தார் ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் மிச்சம். மூன்று வருஷத்துக்கு முன்பு கேட்டபோது அவர் உடனே விடவில்லை. கொழுந்தன் கோவிந்தனோடு தகராறு. நிலத்துக்குப் பின்னால் கோவிந்தனுக்குப் பாறைக் கரடு ஒன்று இருக்கிறது. கல் உடைத்து டிப்பர் லாரியில் ஏற்ற அவனுக்கு இந்தத் தடம் வேண்டும். அது காலங்காலமாகப் பொதுவழி என்கிறான். "நீங்க ரெண்டு பேரும் போங்க. வேற யாரையும் இட்டாராதீங்க. இது வழி இல்லீங்க, என் நெலம்" என்றார் அன்றைக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் சரி என்றேன்.

12 செப்டம்பர்

காலாண்டுத் தேர்வு வினாத்தாள். வேறொன்றும் இல்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

மழை. சைக்கிள் இல்லை. சுசித்ரா வீட்டுக்கு வந்திருந்தாள். போன் மாற்றியதில் பழைய பதிவெல்லாம் போய்விட்டது, நம் ரூட் எல்லாவற்றையும் அனுப்பு என்றாள். போன ஒவ்வொரு வழியும் என் போனில் வரைபடக் கோடாகப் பதிந்திருக்கிறது, பதினான்கு ரூட். மூன்று வருஷத்து ஞாயிறுகள். அனுப்பி முடிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை.

சென்னம்மாள் நிலத்தை மட்டும் அழித்துவிட்டு அனுப்பலாமா என்று ஒரு கணம் கை நின்றது. அவளுக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

6 அக்டோபர், ஞாயிறு

சுசித்ராவுக்குக் காய்ச்சலாம். தனியாக முப்பது கிலோமீட்டர். மூன்றாவது வாரம் இது. போன வாரம் அலுவலக மீட்டிங், அதற்கு முன்வாரம் அத்தை வீடு.

20 அக்டோபர், ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

அக்கா மகள் சமரீன் பெங்களூரில் படிக்கிறாள். மத்தியானம் ஒரு படம் அனுப்பினாள். "சித்தி, இது உங்க பக்கம்தானே?" சனி ஞாயிறுகளில் ஐ.டி. ஆட்களைச் சைக்கிள் பயணம் கூட்டிப்போகிற ஒரு கம்பெனியின் விளம்பரம். தீர்த்தமலையின் படம். அதன்மேல் சிவப்புக் கோடாக ஒரு ரூட். கீழே, ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டு சுசித்ரா. மூன்று வருஷம் தன்னந்தனியாக அலைந்து இந்தப் பாதைகளைக் கண்டுபிடித்தவர் என்று எழுதியிருக்கிறது.

தன்னந்தனியாக.

வேறு யாரோ போட்ட கோடாக இருக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் மேடு ஒன்றுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் "மூச்சுமேடு" என்று இருக்கிறது. இன்னும் தள்ளி "எருமைத் திருப்பம்". ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு எருமை வழியை விடாமல் கால் மணி நேரம் நின்றதால் நான் வைத்த பெயர். அவள் அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கோடு சென்னம்மாள் நிலத்துக்குள் நேராகப் போகிறது.

21 அக்டோபர்

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டு தடவை. சாயங்காலம் ஒரு மெசேஜ்: "சொல்லலாம்னுதான் இருந்தேன். நேர்ல பேசலாம்." ஒன்பதாம் வகுப்பில் இன்று ஒரு பெண் சந்தேகம் கேட்டாள், அவளை வைதுவிட்டேன். பாவம், நியாயமான சந்தேகம்.

27 அக்டோபர், ஞாயிறு

அவள் வீட்டுக்கு நானே போனேன். காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன் வேறு. அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

மறுக்கவில்லை. ஆபீஸில் பத்து வருஷமாக ஒரே நாற்காலி, மேலே போக வழியில்லை, இந்தக் கம்பெனி தமிழ்நாட்டு ரூட்டுகளுக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுகிறதாம். என்னிடம் முன்பே கேட்டால் ஆயிரம் தயக்கம் சொல்லியிருப்பேன் என்றாள். அது உண்மை. பெயரையாவது போட்டிருக்கலாமே என்றேன். கம்பெனிக்கு ஒரு முகம்தான் வேண்டுமாம்.

"உனக்கு அது ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு மெஹ்ஜூ. எனக்கு அது வாழ்க்கை ஆகப்போவுது. இதுல என்ன கொறஞ்சு போயிட்ட நீ?"

என் பெயரை விடு, சென்னம்மாள் நிலத்தை மட்டும் எடுத்துவிடு என்றேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும். பார்க்கிறேன் என்றாள். முதல் பயணம் தீபாவளி கழிந்த ஞாயிறு. அதற்குள் மாற்றிவிடுவதாகச் சொன்னாள்.

நம்பினேனா? பாதி. மீதிப் பாதியை வேண்டுமென்றே நம்பினேன்.

4 நவம்பர், திங்கள்

மாற்றவில்லை.

5 நவம்பர்

பள்ளி விட்டதும் ஸ்கூட்டியில் போனேன். தடத்தின் வாயில் கருவேல முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறது. மஞ்சள் பாத்தியின் ஓரம் டயர் டயராக நசுங்கிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது பேர் போலச் சைக்கிளில் வந்தார்களாம். முன்னால் சுசித்ரா. சென்னம்மாள் குறுக்கே நின்றிருக்கிறார். சுசித்ரா வணக்கம் வைத்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறாள். பின்னால் வந்தவர்கள் அவரைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கத்துவார் என்று நினைத்துப் போனேன். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"டீச்சரம்மா, உங்க மூஞ்சிய பார்த்துத்தானே வுட்டேன். கோவிந்தன் மேட்டுல நின்னு எல்லாத்தையும் போன்ல புடிச்சிக்கிறான். நாலு பேரு நடந்தா பாதைன்னு ஆயிப்போவும், இப்ப நாப்பது பேரு போயிக்கிறாங்க. நான் என்னான்னு சொல்லுவேன்?"

எனக்குத் தெரியாமல் நடந்தது என்றேன். கம்பெனிக்காரர்கள் செய்தது, சுசித்ரா செய்தது என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கோட்டைப் பதிவு செய்தது நான் என்று சொல்லவில்லை. வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

10 நவம்பர், ஞாயிறு

சைக்கிளைத் தொடவில்லை. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இத்ரீஸ் கடைக்குக் கிளம்பும்போது நின்று பார்த்தார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆணி, கீல், பூட்டு என்று நாள் முழுக்கப் பேசிவிட்டு வருவதால் வீட்டில் சொல் மிச்சமிருக்காது என்பார். இன்று கேட்டார்: கோபம் அவள் மேலா, உன் மேலா? உருதுவில் கேட்டார். அதனால் இன்னும் நேராக வந்து விழுந்தது.

22 நவம்பர்

கோவிந்தன் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்துவிட்டான். அது பொதுவழி, மூன்று வருஷமாக வெளியூர்க்காரர்கள்கூடச் சைக்கிளில் போய்வருகிறார்கள், அண்ணி முள் வெட்டிப் போட்டு மறித்திருக்கிறார், திறந்துவிட வேண்டும் என்று. கூடவே கம்பெனி போட்ட வரைபடம், கலரில் அச்செடுத்தது. என் கோடு. என் மூச்சுமேடு.

சென்னம்மாள் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பவில்லை. எங்கள் பள்ளி ஆயா ராமக்காளுக்கும் சென்னம்மாள் இருக்கிற அந்தக் கொட்டாய்க் குக்கிராமம்தான் சொந்த ஊர். அவர் சொல்லித்தான் தெரியும்.

24 நவம்பர், ஞாயிறு

சுசித்ராவுக்கு நீளமாக எழுதினேன். கேட்டது ஒன்றே ஒன்று: நாங்கள் அனுமதி கேட்டுத்தான் அந்த நிலத்தில் போனோம் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. அது போதும், கோவிந்தன் மனு நிற்காது. நீ எடுத்துக்கொண்ட எதையும் திரும்பக் கேட்கவில்லை, பெயரையும் நீயே வைத்துக்கொள்.

பார்த்துவிட்டாள். இரண்டு நீலக்கோடு விழுந்துவிட்டது.

2 டிசம்பர்

புயல் மழை. ஊரே தண்ணீர். பள்ளி விடுமுறை. தென்பெண்ணையில் வெள்ளம், கரை மண்பாதை முழுதும் போயிருக்கும். போகட்டும்.

8 டிசம்பர், ஞாயிறு

பதில் வந்தது, இரண்டு வாரம் கழித்து. தை மாதத்தில் நூறு பேர் வருகிற பெரிய பயணம் அறிவித்தாகிவிட்டதாம். அது தனியார் நிலம் என்று இவள் எழுதிக் கொடுத்தால் கம்பெனி இவளைத்தான் கேட்குமாம், தெரிந்தே ஏன் போட்டாய் என்று. "என்னை இதுல இழுக்காத, ப்ளீஸ்."

நான் இழுக்கிறேனாம்!

18 டிசம்பர், புதன்

அரைநாள் விடுப்பு போட்டேன். தாலுகா ஆபீஸில் விசாரணை. சென்னம்மாள் பக்கம் சாட்சி சொல்ல நானாகத்தான் போனேன். அவர் ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தள்ளி இடம் விட்டார்.

கோவிந்தன் வெள்ளைச் சட்டையோடு வந்தான். அவன் பின்னால் படியேறி வந்தவளைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் பக்கம் பேசத்தான் வந்திருக்கிறாள், மனசு மாறிவிட்டாள் என்று நினைத்தேன். எழுந்துகூட நின்றேன், கூப்பிட. சுசித்ரா என்னைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

தாசில்தார் அவளைக் கேட்டார். அவள் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"மூணு வருஷமா போறோம் சார். யாரும் தடுத்ததில்ல. பொதுவழின்னுதான் நெனச்சோம். மெஹ்ஜபீன் மேடமும் அப்படித்தான் நெனச்சாங்க."

என்னைக் கை காட்டினாள். என் முகத்தைப் பார்த்தே காட்டினாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். அப்படியா என்றார். இல்லை என்றேன். 2021-இல் கேட்டோம், சென்னம்மாள் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் விட்டார், வேறு யாரையும் அழைத்து வரக்கூடாது என்று சொல்லித்தான் விட்டார், சுசித்ரா பக்கத்திலேயே நின்றாள் என்றேன். அதற்குத் தாசில்தார் வரைபடத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அனுமதியின் பேரில் போகிற இடத்தை ரூட் என்று வரைந்தது யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

சென்னம்மாளின் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. கம்பெனி என்று சொல்லலாம். சுசித்ரா என்று சொல்லலாம், அவள் பெயர்தானே போட்டிருக்கிறது? அப்படிச் சொன்னால் கோவிந்தன் பக்கம் ஒரே கேள்வியில் உடைத்துவிடும். அதைவிட, அது பொய். அவள் சொன்னதைப் போலவே பொய்.

"நான்தாங்க சார். எனக்காகப் பதிவு பண்ணி வெச்சேன். வேற யாரையும் விடமாட்டேன்னு இவங்ககிட்ட சொல்லிட்டு, அந்தக் கோட்டை இவளுக்கு அனுப்பினேன். தப்பு என்னோடது. வழி இவங்களோடது."

மேட்டுக்கும் திருப்பத்துக்கும் பெயர் வைத்தது நான்தான் என்று சொன்னேன். போனில் இருந்த பழைய பதிவைத் தேதியோடு காட்டினேன். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

தோள் விலகிக்கொண்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே மரத்தடியில் சுசித்ரா தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். "உனக்கு இவ்ளோ தேவையா இது?" என்றாள். போய்விட்டாள்.

19 டிசம்பர்

எப்படிடீ முடிஞ்சது உனக்கு? என்னப் பெத்த அம்மி இறந்தப்ப என் வூட்டுல நாலு நாள் இருந்தியே. என் தலைய நீதானே வாரிவிட்ட. பயந்துட்ட, வேலை போயிடும்னு பயந்துட்ட, சரி. பயந்தவ வீட்டுல இருந்திருக்கலாமே. ஏன் வந்து நின்ன? ஏன் என் பேரச் சொன்ன?

மூன்று வருஷத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது இது? எல்லாவற்றையும் இப்போது திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எருமைத் திருப்பத்தில் சிரித்தது நிஜமா? அதை எனக்கு யார் சொல்வார்கள்?

12 ஜனவரி 2025, ஞாயிறு

சர்வேயரும் வி.ஏ.ஓ.வும் போய் அளந்தார்களாம். ராமக்காள் சொன்னார். புல வரைபடத்தில் பாதை எதுவும் இல்லையாம். கோவிந்தன் சர்வேயரோடு சத்தம் போட்டானாம்.

19 ஜனவரி, ஞாயிறு

நூறு பேர் பயணம் நடக்கவில்லை. விளம்பரத்தையே எடுத்துவிட்டார்கள். சமரீன் தேடிப் பார்த்துச் சொன்னாள். கம்பெனிக்கு நான் விசாரணை விவரத்தை எழுதி அனுப்பியிருந்தேன். மன்னிப்பு என்று இரண்டு வரி பதில். சுசித்ரா இனி தங்களிடம் இல்லை என்று மூன்றாவது வரி.

மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

30 ஜனவரி

உத்தரவு வந்துவிட்டது. பாதை என்று ஆவணத்தில் இல்லை, அனுமதியின் பேரில் சிலர் சென்றது பொதுவழி ஆகாது, மனு தள்ளுபடி. வேண்டுமானால் கோவிந்தன் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். போவான். ஆனால் அதுவரை டிப்பர் வராது.

2 பிப்ரவரி, ஞாயிறு

துணியை எடுத்துவிட்டுச் சைக்கிளில் காற்றடித்தேன். தார் ரோடு வழியாகவே சென்னம்மாள் வீட்டுக்குப் போனேன். லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. முள் இருந்த இடத்தில் இப்போது கல்தூண் நட்டுக் கம்பி வேலி.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டேன். மஞ்சள் வெட்டி எடுத்த மண்ணைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே சொன்னார்.

"எல்லாரு முன்னாலயும் உண்மைய சொன்னீங்க. நெலம் நின்னுச்சு. அதுக்கு உங்கள கும்பிடறேன். ஆனா டீச்சரம்மா, இனிமே உங்களுக்கும் வழி இல்லீங்க. கோவமெல்லாம் இல்ல. இன்னொரு தரம் ஒருத்தர நம்பறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

சரிங்க என்றேன். வேலிக்கு வெளியே தூண் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஏறினேன். ஒன்பது கிலோமீட்டர் சுற்று. வழியெல்லாம் அழுதேன், ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியாது. சுசித்ராவை நினைத்து அழவில்லை. அது இப்போதுதான், எழுதும்போதுதான் தெரிகிறது.

2 மார்ச்

முதல் நோன்பு. இனி ஒரு மாதம் சைக்கிள் இல்லை.

31 மார்ச், திங்கள்

பெருநாள். வருஷா வருஷம் சுசித்ரா காலையிலேயே வந்து வெங்காயம் நறுக்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, பிரியாணி தம் உடைக்கும்வரை அடுப்பங்கரையிலேயே இருப்பாள். இன்றைக்கு ஒரு மெசேஜ் வந்தது. வாழ்த்து. கீழே, "பேசணும்போல இருக்கு மெஹ்ஜூ. ஆபீஸ்ல தருமபுரிக்கே மாத்திட்டாங்க, தனியா இருக்கேன்."

ஒரு பக்கம் அளவுக்கு எழுதினேன். திட்டியது கொஞ்சம், சாப்பிட்டாயா என்று கேட்டது கொஞ்சம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு "நன்றி" என்று மட்டும் அனுப்பினேன்.

இத்ரீஸ் அவளுக்கு ஒரு டிபன் கேரியர் கொடுத்தனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்கவில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

நாற்பத்தேழு கிலோமீட்டர், பாதி மண், பாதி தார். ஏழு மணிக்கே வெயில் முதுகைப் பிடித்துவிட்டது.

திரும்பும் வழியில் தார் ரோட்டு ஓரம் கரும்புச்சாறு வண்டி. வண்டிக்காரர் நவநீதன் பழக்கமானவர். "இன்னொரு அம்மா எங்கங்க, ரொம்ப நாளா காணோமே?" என்றார். இதே கேள்வியை ஆறு மாதமாக ஏரிக்கரையிலும் பஞ்சர் கடையிலும் கேட்கிறார்கள். காய்ச்சல் என்றிருக்கிறேன், ஆபீஸில் வேலை என்றிருக்கிறேன், பெங்களூர் போயிருக்கிறாள் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவளை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று எனக்கு என்ன அக்கறையோ.

"அவங்க இனிமே வரமாட்டாங்க" என்றேன்.

அப்படிங்களா என்று கரும்பை மடித்து இன்னொரு தரம் உள்ளே விட்டார். ஐஸ் போடாமல் கேட்டு வாங்கி, நின்றபடியே குடித்தேன்.